எதையாவது அமுக்குனீங்களா?

அவளிடம் மூன்று கேள்விகள் இருந்தன. உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவாள். வணக்கம் வைத்தால் பதில் வராது. ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு நாம் கையை எடுப்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும்.

"கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"டிக் டிக்குன்னு சத்தம் வருதா?"

"இல்ல."

"எதையாவது அமுக்குனீங்களா?"

இந்த மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் பொய் சொன்னார்கள். நானும் சொன்னேன். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் அமுக்கல தங்கச்சி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் ஒங்க தங்கச்சி இல்ல. அமுக்கியிருக்கீங்க. உக்காருங்க."

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய அறை. கடைக்காரர்கள் பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். ஆணி வாங்க வருகிறவர்களை வாய் நிறைய வரவேற்கும் முதலாளி, மரப்படியில் கால் வைக்கிறவர்களைப் பார்த்து மட்டும் சிரிப்பார். "மேலயா போறீங்க? போங்க, போங்க. அது என்ன பேசுனாலும் கோவிச்சுக்காம எறங்கி வாங்க." இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

மேலே ஒரு மேசை, இரண்டு கம்பியூட்டர், பிரித்துப் போட்ட டிஸ்க்குகள். ஜன்னலோரம் ஒரு ஃபிளாஸ்க். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பால் இல்லாத பிளேன்டீ குடிப்பாள். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். சுவரில் சிவப்பு மையால் அவளே எழுதி ஒட்டிய அட்டையில் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரே விஷயம்: ஒன்றையும் அமுக்காதே. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கத்துவாள். மந்திரியானாலும் மேஸ்திரியானாலும் ஒரே கத்தல்தான். ஆனாலும் மொனராகலையிலிருந்துகூட பஸ் பிடித்து வந்து அவளிடம் திட்டு வாங்கினார்கள். போனது போனதுதான் என்று மற்றவர்கள் கைவிட்டதை எடுத்துக் கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

"போயிருச்சு" என்ற வார்த்தையை அவள் முன்னால் சொல்லக் கூடாது. எனக்கு அது தெரியாது. முதல் நாளே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"என்ன போயிருச்சு? எங்க போயிருச்சு? கால் மொளைச்சு நடந்து போச்சா? பேர வெட்டியிருக்காங்க. அவ்வளவுதான். ஆள் உள்ளதான் இருக்கு."

பேர் வெட்டுவது என்பது தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்ட மேனேஜரான தொரைக்குப் பிடிக்காதவன் என்றால் செக்ரோலிலிருந்து பேரையே வெட்டிவிடுவார்கள். செக்ரோல் என்பது வேலைக்கு வருகிறவர்களின் பேர்ப் புத்தகம். அவள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதற்கும் அவளிடம் அந்த வார்த்தைகள்தான் இருந்தன. கொழும்பில் படித்த இங்கிலீஷ் வார்த்தைகளைப் படிவத்தில் எழுதும்போது மட்டும் பயன்படுத்துவாள்.

முதல் நாள் நான் அங்கே காத்திருந்தபோது தெமோதரையிலிருந்து கலியாண வீடியோ எடுப்பவர் ஒருவர் வந்தார். மூன்றாவது கேள்விக்கு அவரும் இல்லை என்றார். அவள் டிஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நேத்து சாயந்தரம் நாலு மணி பன்னெண்டு நிமிசத்துக்கு ஃபோமட் குடுத்திருக்கீங்க. அதுக்கப்பறம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவ இதுக்குள்ள போட்டிருக்கீங்க. சொல்லவா, இல்ல இன்னும் பொய் சொல்வீங்களா?"

அவர் அழாத குறை. மறுநாள் அவருக்குக் கிடைத்ததில் பந்தல் இருந்தது, நாதஸ்வரம் இருந்தது, சாப்பாட்டுப் பந்தி இருந்தது. தாலி கட்டியது மட்டும் இல்லை. அந்த இடத்தில்தான் பூப்புனித நீராட்டு விழா ஏறி உட்கார்ந்திருந்தது. "அரைப்பேர்தான் விழுந்திருக்கு. அமுக்குனதோட நிறுத்தியிருந்தா முழுப்பேர் வாங்கித் தந்திருப்பேன். பொண்ணு வீட்ல போய் நீங்களே சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

இன்னொருவர் ஒரு லெப்டொப்போடு வந்தார். நல்ல உடுப்பு, நல்ல சப்பாத்து. அழித்த படங்களையெல்லாம் எடுத்துத் தர வேண்டும் என்றார். மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். அவள் நாலாவதாக ஒன்று கேட்டாள்.

"யாருது?"

"என் வைஃபோடது."

"அவங்களக் கூட்டிட்டு வாங்க."

"நான் அவளோட புருஷன்."

"டிஸ்க்குக்கு நீங்க புருஷன் இல்ல. அந்தப் பிள்ள வந்து சரின்னு சொல்லணும்."

அவர் கூச்சல் போட்டார். அவள் அதைவிடப் பெரிதாகக் கூச்சல் போட்டாள். கீழே முதலாளி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். பொருளுக்குப் பொறுப்பான ஆள் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் ஒரு படத்தைக்கூட அவள் வெளியே விட மாட்டாள். இந்தப் பிடிவாதத்தை அன்றைக்கு மெச்சினேன். பிறகு இதே பிடிவாதம் என் கழுத்தைப் பிடித்தபோது அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் அவளைப் பற்றி எழுத முடியாது.

நான் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். தோட்டத்தின் பேர் வேண்டாம். என் அம்மா கொழுந்து பறித்து, அப்பா கவ்வாத்து வெட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். லயத்திலிருந்து வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே இருந்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

அந்த வருஷ மழையில் மேல் டிவிஷனில் ஒரு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. நல்ல காலம், உயிருக்குச் சேதம் இல்லை. குடும்பத்துக்கு ஓர் அறை என்று இருந்த பன்னிரண்டு காம்பராவிலும் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு குடும்பங்களும் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தரையில் பாய் விரித்தார்கள். கீழ் டிவிஷனில் கட்டி முடித்த புது வீடுகள் பன்னிரண்டு சும்மா கிடந்தன. அவற்றை இவர்களுக்குக் கொடுப்பதென்று முடிவானது. எந்தக் காம்பராவில் யார் குடியிருந்தார்கள் என்று தோட்டம் பட்டியல் தர வேண்டும். அரசாங்கத்துக் கிராம சேவகர் அதை வைத்துக்கொண்டு நேரில் வந்து ஆளைப் பார்த்து உறுதி செய்வார்.

அந்தப் பட்டியல் என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒவ்வொரு காம்பராவுக்கும் நானே போய்க் குடும்பத்தைக் கதவு நம்பருக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்து, பிறப்புப் பத்திரம் முதற்கொண்டு ஸ்கேன் பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. மண் சரிந்த அன்று நான் டிஸ்க்கை மாட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மறுநாள் மாட்டினால் டிஸ்க் திறக்கவில்லை. அங்கே இங்கே தட்டிப் பார்த்ததில் ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் எதையோ கேட்டது. "இனிஷலைஸ்" என்று இருந்தது.

பத்தொன்பது வருஷமாக நான் செய்து வந்த வேலை அதுதான். ஆபீஸுக்கு வருகிற ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் என் இனிஷலைப் போடுவேன். பார்த்தேன் என்பதற்கு அடையாளம். கம்பியூட்டரும் அதைத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். நீ பார்த்துவிட்டாயா, இனிஷல் போடு, திறந்துவிடுகிறேன் என்று கேட்பதாக நினைத்தேன். ஓகே என்பதை அமுக்கினேன். டிஸ்க்கைப் புதிதாக ஆரம்பிக்கவா என்பதுதான் அந்த வார்த்தையின் அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

டிஸ்க் திரையில் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

தொரையிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனிஷல் போட்டீங்களா!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, விடுங்க. பதுளைக்குப் போய் யார்கிட்டயாவது டிஸ்க் செத்துப்போச்சுன்னு ஒரு லெட்டர் எடுத்துட்டு வாங்க. நம்ம செக்ரோல் படி போவோம்."

செக்ரோல் படி பார்த்தால் ஐந்து காம்பராவில்தான் ஆட்கள். மற்ற ஏழில் இருந்தவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கொழும்புக் கடைகளில் நிற்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள். ஒருத்தி, புருஷன் செத்து, முதுகும் போய், கொழுந்து மலைக்குப் போவதை நிறுத்தியவள்; இரண்டு பெண் பிள்ளைகள். ஏழு வீடு மிஞ்சும். அதைத் தொரை தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். இது எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் விளங்கியது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அப்படித்தான் அவள் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் முதலில் டிஸ்க்கை அப்படியே தன்னிடமிருந்த வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். வந்த டிஸ்க்கின் மேல் அவள் கை வைப்பதே இல்லை. எல்லாம் பிரதியில்தான். அதற்கே அன்றைய பொழுது போனது. மறுநாள் வரச் சொன்னாள்.

மறுநாள் போனதும் திரையைத் திருப்பிக் காட்டினாள். எண்ணும் எழுத்துமாக இருந்தது.

"இதுதான் டிஸ்க்கோட மொதப் பக்கம். ஐந்நூத்திப் பன்னெண்டு பைட், இத ஒரு செக்டர்னு சொல்வாங்க. இதுல கடைசியில இந்தத் துண்டு இருக்கே, அறுபத்து நாலு பைட், இதுதான் செக்ரோல். டிஸ்க்க நாலு பகுதியாப் பிரிக்கலாம், அதனால நாலு பேருக்குத்தான் எடம். ஒவ்வொருத்தருக்கும் பதினாறு பைட். நீ எங்க ஆரம்பிக்கிற, எவ்வளவு தூரம் போற, நீ எந்த ஜாதிப் பகுதி. இவ்வளவுதான் எழுதியிருக்கும். இப்ப பாருங்க. என்ன இருக்கு?"

"பூஜ்யம்."

"எல்லாம் பூஜ்யம். அதுக்குக் கீழ ரெண்டே ரெண்டு பைட், அம்பத்தஞ்சு, ஏ ஏ. அது முத்திரை. இந்தப் பக்கம் செல்லும்னு அர்த்தம். முத்திரை சுத்தமா இருக்கு, பேர் ஒண்ணுகூட இல்ல. ஆபீஸ் கடுதாசி மாதிரியே இருக்கில்ல?"

அவள் விரலால் திரையைத் தட்டிக் கீழே கீழே இறங்கிப் போனாள்.

"கம்பியூட்டரும் ஆபீஸ்தான். மொதப் பக்கத்த மட்டும் பாக்கும். பேர் இல்லையா, ஆள் இல்லன்னு சொல்லிரும். ஆனா லயத்துல எறங்கி நடந்து போனா? ஒவ்வொரு காம்பராவும் தன் கதவுல தன் நம்பர எழுதி வச்சிருக்கில்ல? டிஸ்க்லயும் அப்படித்தான். இந்தா, ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டாவது செக்டர். இதுதான் வாசப்படி. இங்கருந்து நான் ஆரம்பிக்கிறேன், இவ்வளவு நீளம் நான்னு இதுவே எழுதி வச்சிருக்கு. இந்த ரெண்டு கணக்கையும் கொண்டுபோய் மொதப் பக்கத்துல திரும்ப எழுதுனேன். எல்லாரும் வந்துட்டாங்க."

வந்திருந்தார்கள். பன்னிரண்டு காம்பராவும். கதவு நம்பருக்குப் பக்கத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். விதவையும் இரண்டு பெண்களும் நின்றார்கள். பெரியவள் தலைக்குக் குளித்து ஈரமாகவே வந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

நான் அப்போதுதான் அந்த லெட்டரைக் கேட்டேன். டிஸ்க் செத்துவிட்டது என்று இரண்டு வரி.

அவள் உடனே கத்தவில்லை. பேனாவைக் கொண்டையிலிருந்து உருவி மேசையில் வைத்தாள். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். இனிஷல் போட்டதையும் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகவாவது இரக்கப்படுவாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பா பெரட்டுல கங்காணிய எதுத்துப் பேசுனாரு" என்று ஆரம்பித்தாள். "பேர வெட்டுனாங்க. ஒரு மாசம் தெனமும் காலையில போய்க் களத்துல நின்னாரு. எல்லார் பேரையும் கூப்புடுவாங்க, அவர் பேரக் கூப்புட மாட்டாங்க. திரும்பி வருவாரு. மறுநாளும் போவாரு. என்னய டவுன் பள்ளிக்கூடத்துல சேக்க விலாசம் கேட்டாங்க. ஆபீஸ்ல போய்க் கடுதாசி கேட்டோம். அந்தக் காம்பராவுல யாருமே குடியில்லன்னு எழுதி முத்திர குத்திக் குடுத்தாங்க. ஆறு பேர் இருந்தோம்யா அதுக்குள்ள! ஆறு பேர்! அதுக்கும் மூலையில ஒரு இனிஷல் இருந்துச்சு. ஒங்கள மாதிரி ஒரு கிளாக்கரையா போட்டது."

பிறகு கத்தினாள். கீழே ஆணி நிறுக்கிற சத்தம் நின்றுபோனது. நானும் கத்தினேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இல்லையா, எனக்கு வேலை போனால் நீ சோறு போடுவாயா என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"லெட்டர் தர்றேன். நடந்தத எழுதித் தர்றேன். டிஸ்க் நல்லா இருக்கு, பேர்ப் பக்கத்த ஒருத்தர் அமுக்கி அழிச்சிட்டாரு, முழுசும் கெடச்சிருச்சு. இதக் கொண்டுபோய்க் குடுங்க."

"அது வேண்டாம்."

"அப்ப டிஸ்க்க எடுத்துட்டுப் போங்க. பிரதி என்கிட்ட இருக்கு. படம் புடிச்சது நீங்க, பொறுப்பு ஒங்களது. குடுன்னு நீங்க சொன்னா கிராம சேவகர்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுப்பேன். அழின்னு சொன்னா அழிச்சிருவேன். ரெண்டுல ஒண்ணு ஒங்க வாயால வரணும்."

கொடுத்துத் தொலைத்திருக்கலாம் அவள்! யாரைக் கேட்க வேண்டும்? ஏழு குடும்பத்தின் வீடு அவள் மேசை மேல் கிடக்கிறது, இவள் சட்டம் பேசுகிறாள். அன்றைக்கு அழித்துவிடு என்று நான் சொல்லியிருந்தால் அழித்திருப்பாளா? இதை நினைத்து எத்தனையோ தடவை அவள் மேல் எரிச்சல் பட்டிருக்கிறேன். பிறகு யோசித்தால், பிசகு அவளுடையதில்லை. பொறுப்பை என் தோளில் ஏற்றி, இது உன்னுடையது என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லெட்டரை வேறொரு கடையில் வாங்கினேன். அங்கிருந்தவன் டிஸ்க்கை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தொரை அதைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். மூலையில் இனிஷல் போட்டேன்.

அதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் ஃபோன் அடிக்கும். அவள்தான்.

"சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க."

வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். ஒன்பது நாள். ஞாயிற்றுக்கிழமையும் அடித்தது.

ஐந்தாம் நாள் பட்டியலைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினார்கள். ஒட்டியது நான்தான். ஐந்து பேர். விதவை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். காகிதம் முடிந்த பிறகும் விரல் கதவுப் பலகையில் கொஞ்சம் இறங்கியது.

"எங்க பேர் விட்டுப்போச்சுங்களே, கிளாக்கரையா. நீங்கதானே வந்து படம் புடிச்சீங்க? கதவுகிட்ட நிக்கச் சொன்னீங்களே."

"டிஸ்க் செத்துப்போச்சும்மா" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பசை டப்பாவை மூடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் சொன்னேன். நல்ல மனது வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அன்று காலை ஆபீஸுக்குப் புதிதாக வந்த ஒரு சின்னத் தொரைக்கு என்னை அறிமுகம் செய்து வைத்த தொரை, "இவர்தான் நம்ம இனிஷல் மாஸ்டர்" என்றார். ஆபீஸே சிரித்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. "சொல்லுங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று, "குடுங்க. பன்னெண்டு காம்பராவையும் குடுங்க" என்று கத்தினேன். ஏழு குடும்பம் தரையில் கிடந்தபோது வராத கோபம், என்னைப் பார்த்துச் சிரித்ததும் வந்தது. நான் அப்படிப்பட்டவன்.

அவள் அன்றே படங்களையெல்லாம் அச்செடுத்து, பஸ் ஏறிப் போய்க் கிராம சேவகரிடம் கொடுத்தாள். பட்டியலை மாற்றினார்கள். என்னை ஆபீஸிலிருந்து எடுத்து ஃபெக்டரியில் போட்டார்கள். கிராம சேவகர் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒவ்வொரு படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பதினொரு குடும்பம் நின்றது. விதவையையும் பிள்ளைகளையும் காணவில்லை. பட்டியலில் பேர் இல்லை என்றதும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவிடம் போய்விட்டாள் என்று பக்கத்தில் பாய் விரித்திருந்தவர்கள் சொன்னார்கள். நேரில் ஆள் இல்லாததால் அந்த வீட்டைத் தொரை சொன்ன ஒருவருக்கு எழுதினார்கள்.

நான் பதுளைக்குப் போனேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்றுதான் போனேன். ஆபீஸ் நாற்காலியையே விட்டுக்கொடுத்திருக்கிறேன் அல்லவா. படியேறியதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பன்னெண்டும் வந்துருச்சா?"

பதினொன்று என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பிளேன்டீயை அப்படியே மேசையில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

"போய்ப் பாருங்க" என்றாள். "நீங்களே போங்க. என்ன நடந்துச்சுன்னு அந்த அம்மாகிட்ட ஒங்க வாயால சொல்லிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு மொனராகலைக்குப் போனேன். இறங்கிய இடத்தில் ஒரே வெயில், புழுதி. மலையில் பிறந்தவனுக்கு மூச்சு முட்டும் வெயில். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். தகரம் போட்ட ஒரு சாய்ப்பில் அவர்கள் இருந்தார்கள். அந்த விதவை என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க் சாகவில்லை என்று சொன்னேன். கதவில் விரல் வைத்துத் தேடிய அன்றைக்கே உன் படம் பதுளையில் பத்திரமாக இருந்தது, நான் ஒரு வார்த்தை சொல்லாததால் வரவில்லை என்று சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வீட்ல இப்ப ஆள் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாங்க."

"தண்ணிக் கொழாய் உள்ளயே இருக்குமாமே."

"ஆமா."

"டீ குடிச்சிட்டுப் போங்க ஐயா" என்றாள்.

குடித்தேன். பஸ் ஏறினேன். பதுளையில் இறங்கி நேராக அவளிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் அவள் அங்கேதான் இருப்பாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கத்தவில்லை. முதல் தடவையாகச் சின்னக் குரலில் பேசினாள்.

"அந்த ரெண்டு பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் போகுதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பெரியவள் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தது தெரிந்தது. சின்னவள் எங்கே இருந்தாள் என்றே தெரியவில்லை. நான் என் மன்னிப்பைச் சொல்லி முடிப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

"அது கேக்கலைங்க" என்றேன்.

"கேக்கலையா?" அவள் எழுந்துவிட்டாள். "அம்புட்டு தூரம் போனீங்க, டீ குடிச்சீங்க, ஒங்க மனசுல இருந்தத எறக்கி வச்சிட்டு வந்தீங்க. அந்தப் புள்ளைங்க படிக்குதான்னு ஒரு வார்த்த கேக்கல?"

அதற்குப் பிறகு அவள் கத்தியதை என்னால் எழுத முடியாது. படியிறங்கினேன். முதலாளி எதையோ கேட்டார், காதில் விழவில்லை. மொனராகலைக்கு ஒரு பஸ் புறப்பட நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.